கோட்டையில இருக்கற அதிகாரிகளுக்கு வியாசர்பாடியிலேர்ந்து ஒரு மடல்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம்.

எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி வராம போனாலோ, நாலு கட்சி சேர்ந்து மந்திரிசபை அமைச்சாலோ, ஆபீஸ் எப்படி நடக்கணும்னு முன்கூட்டியே எழுதி வெளியிடுங்க, நான் கேக்கறது இதுதான்.

2006ல திமுகவுக்கு 234ல 96 சீட்டுதான், காங்கிரஸும் வேற சில கட்சிகளும் வெளியிலேர்ந்து ஆதரவு குடுத்து அஞ்சு வருஷமும் ஓடிச்சு. ஆனா மந்திரிங்க எல்லாம் ஒரே கட்சி, அதனால ஃபைல் போற வழி மாறல. கூட்டணி மந்திரிசபைன்னா குடிநீர் ஒரு கட்சி மந்திரிகிட்ட இருக்கலாம், ரோடு இன்னொரு கட்சி மந்திரிகிட்ட இருக்கலாம். மழை பெஞ்சா கணேசபுரம் சுரங்கப்பாதைல தண்ணி நிக்குது, மேல ரயில்வே லைன், கீழ மாநகராட்சி ரோடு, இப்பவே யார கேக்கறதுன்னு தெரியல. ஒரு ஆபீஸ்ல எங்க தெரு வடிகால் மனுவ பத்தி கேட்டப்ப கிளார்க் ஃபைல தொறந்து காட்டினாரு, பச்சை இங்க்ல "பேசுக"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு, கீழ ஒரு கையெழுத்து, அவ்ளோதான். ரெண்டு கட்சி மந்திரிங்க ஒத்துக்கணும்னா அந்த ஃபைல் எத்தன மேஜைல தூங்கும்?

பிரிட்டன்ல 2010 தேர்தலுக்கு முன்னாடியே கேபினட் செக்ரட்டரி, அதாவது அங்க அரசு அதிகாரிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி, கஸ் ஓ'டானல், யாருக்கும் மெஜாரிட்டி இல்லாத தொங்கு பார்லிமென்ட் வந்தா என்ன முறைன்னு வரைவு போட்டு வெளியிட்டாரு. அதே மாதிரி வந்துச்சு, அஞ்சே நாள்ல ரெண்டு கட்சி பேசி ஆட்சி அமைச்சாங்க. 2011ல அத கேபினட் மேனுவல்னு முழுசா வெளியிட்டாங்க.

வட அயர்லாந்து கதை வேற. 1998 அமைதி ஒப்பந்தப்படி, பிரிட்டனோடயே இருக்கணும்ங்கற தரப்பும் அயர்லாந்தோட சேரணும்ங்கற தரப்பும் சேர்ந்துதான் ஆளணும், 2017 ஜனவரில அது உடஞ்சு மூணு வருஷம் மந்திரியே இல்ல. அந்த நேரத்துல ஒரு குப்பை எரிக்கற ஆலைக்கு அதிகாரிங்களே அனுமதி குடுத்தாங்க, மந்திரி இல்லாம இது செல்லாதுன்னு 2018ல கோர்ட்டு ரத்து பண்ணிடுச்சு. கொடுங்கையூர் எரிஉலைய எதிர்த்து மனிதச் சங்கிலி நின்ன எங்களுக்கு இது ரொம்ப கிட்ட வர்ற விஷயம். மந்திரி யாருன்னு முடிவாகாத இடைவெளில இந்த மாதிரி கையெழுத்து விழவே கூடாது, அதே நேரம் பம்பு ரிப்பேருக்கும் ரேஷனுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் ஒரு நாள் கூட தாமதம் வரக் கூடாது. எத அதிகாரி முடிக்கலாம், எது மந்திரிசபைக்கு காத்திருக்கணும், கூட்டணிக் கட்சிங்க முரண்பட்டா எத்தன நாள்ல யார் தீர்க்கணும்னு துறைவாரியா எழுதுங்க.

வரைவ தமிழ்ல போட்டு ஒவ்வொரு மண்டல ஆபீஸ்லயும் ஒட்டுங்க, படிச்சுட்டு நாங்க எழுத்துல கருத்து குடுக்கறோம்.