உபயதாரர் பெயர் உண்டு, கவிஞர் பெயர் இல்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய கிரேக்க நாடக விழா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு ஆறு பக்கம் ஒதுக்க உங்களுக்கு மனம் வந்ததே, அதற்கு முதலில் நன்றி. கட்டுரையில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. அதைவிட என்னை உறுத்தியது ஒரு விடுபடல்.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். சோஃபக்ளீஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ முதல் பரிசு பெற்றது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பெறவில்லை. அந்த ஆண்டு முதலிடம் ஃபிலோக்ளீஸ் என்பவருக்குப் போனது. அவர் மூத்த துன்பியல் கவிஞர் எஸ்கிலஸின் சகோதரி மகன். அவருடைய நாடகம் ஒன்றுகூட முழுதாக நம் கைக்கு வந்து சேரவில்லை. நடுவர்களைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயோனிசஸ் கடவுளுக்கு ஏதென்ஸ் எடுத்த நாடக விழாவான பெரிய டயோனிசியாவில் துன்பியல் கவிஞர் ஒரு நாடகத்தோடு போட்டிக்கு வருவதில்லை. மூன்று துன்பியல் நாடகங்கள், கடைசியில் சாட்டிர்கள் (பாதி மனிதர், பாதி விலங்கான கற்பனை உயிர்கள்) கூத்தடிக்கும் ஒரு நாடகம், ஆக நான்கு. அப்படி மூன்று கவிஞர்கள். பரிசு மொத்தத்துக்கும் சேர்த்துத்தான். ‘ஈடிபஸ்’ஸோடு அன்று மேடையேறிய மற்ற மூன்றும் எப்படி இருந்தனவோ! கி.மு. 431இல் ‘மெடியா’வோடு வந்த யூரிபிடிஸுக்கு மூன்றாம் இடம், அதாவது கடைசி இடம். முதலிடம் எஸ்கிலஸின் மகன் யூஃபோரியனுக்கு.

இனி விடுபடல். கட்டுரை முழுக்கக் கவிஞர்கள்தான். எஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிபிடிஸ், நகைச்சுவை நாடகம் எழுதிய அரிஸ்டோஃபனிஸ் கொஞ்சம். விழா என்றால் அந்த நால்வரும் கூடி நடத்தியது போல ஒரு தோற்றம். இரண்டு வருஷத்துக்கு முன் மகளோடு ஏதென்ஸ் போயிருந்தபோது, அக்ரோபொலிஸ் குன்றின் கீழே பிளாக்கா பகுதியில், காப்பிக் கடைகளுக்கு நடுவே வட்டமான ஒரு சின்ன மண்டபத்தின் முன் நின்றேன். லிசிக்ரட்டீஸின் நினைவு மண்டபம். நாடகங்களோடு பாடற்குழுக்களுக்கும் போட்டி உண்டு; கி.மு. 334இல் சிறுவர் பாடற்குழுப் போட்டியில் வென்றதற்காகக் கட்டியது. கிரேக்க எழுத்து எனக்கு வராது; வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி வரி வரியாகப் படித்தேன். செலவு செய்த லிசிக்ரட்டீஸின் பெயர், அவர் அப்பா பெயர், ஊர் பெயர், வென்ற குலப்பிரிவின் (நகரக் குடிமக்களைப் பிரித்த பத்துப் பிரிவுகளில் ஒன்று) பெயர், குழல் வாசித்த தியோன், பயிற்சி தந்த லிசியடீஸ், அந்த ஆண்டின் ஆட்சித் தலைவர் யூவைனட்டோஸ் எல்லாம் இருக்கின்றன. பாட்டை இயற்றியவர் யார் என்று தனியாக ஒரு சொல்கூடக் கிடையாது.

செலவு செய்தவரைக் கிரேக்கர்கள் கொரேகோஸ் என்றார்கள். நம் பேச்சில் உபயதாரர். ஆனால் விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்ற உபயம் இல்லை அது. பணக்காரர்மேல் நகரம் சுமத்தும் கடமை. வரிக்குப் பதிலாக என்றே வைத்துக்கொள்ளலாம். கி.மு. 472இல் எஸ்கிலஸின் ‘பாரசீகர்’ நாடகத்துக்குச் செலவு செய்தவர், பின்னாளில் ஏதென்ஸின் பெரும் தலைவரான பெரிக்ளிஸ், அப்போது இளைஞர். லிசியாஸ் எழுதிக் கொடுத்த ஒரு வழக்கு உரையில், துன்பியல் பாடற்குழுவுக்கு 3000 டிராக்மாவும், ஆடவர் பாடற்குழுவுக்கு, பரிசாகக் கிடைக்கும் வெற்றி முக்காலியை நிறுவியதையும் சேர்த்து, 5000 டிராக்மாவும் செலவிட்டதாக ஒருவர் கணக்குச் சொல்கிறார். அந்தக் காலத்தில் தேர்ந்த கொத்தனாரின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய ஒரு டிராக்மா. ‘என்னைவிட அவர் பணக்காரர், அவரைக் கேளுங்கள்’ என்று கைகாட்டவும் சட்டத்தில் இடம் இருந்தது. கைகாட்டப்பட்டவர் செலவை ஏற்க வேண்டும். மறுத்தால் இருவரும் சொத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்! இந்தச் சட்டத்தை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும்.

பணத்தை விடுங்கள், பாடினவர்கள் யார்? இதைத்தான் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன். நகரத்தின் பத்துக் குலப்பிரிவுகளும் ஆளுக்கு ஐம்பது ஆடவர், ஐம்பது சிறுவர் கொண்ட குழுக்களை அனுப்பின. அதுவே ஆயிரம் பேர். துன்பியலுக்கு முதலில் பன்னிரண்டு, பிறகு பதினைந்து பேர்; நகைச்சுவை நாடகத்துக்கு இருபத்து நான்கு பேர். இவர்கள் கூலிக்கு வந்த கலைஞர்கள் அல்லர், ஏதென்ஸின் குடிமக்கள். ஒத்திகைக் காலத்தில் படைப் பணியிலிருந்துகூட விலக்கு உண்டு. அப்போலோவுக்கான தர்கேலியா விழாவை ஒட்டி நடந்த ஒரு வழக்கில் உபயதாரர் பேசும் உரை நமக்குக் கிடைத்திருக்கிறது, எழுதியவர் ஆன்டிஃபோன். சிறுவர்களுக்குப் பயிற்சி தரத் தன் வீட்டிலேயே வசதியான ஓர் அறையை ஒதுக்கியதாக அந்த உபயதாரர் சொல்கிறார். அந்த வீட்டில் டியோடோட்டோஸ் என்ற பையனுக்குக் குரல் வளத்துக்கென்று ஏதோ மருந்து கொடுக்க, பையன் இறந்துபோனான். கொலைப்பழி உபயதாரர்மேல் விழுந்தது. விழா என்ற பளபளப்புக்குப் பின்னால், ஒரு வீட்டு அறை, வரிசையாகச் சிறுவர்கள், ஒரு கிண்ணம் மருந்து. எனக்கு ‘ஈடிபஸ்’ஸைவிட இது அதிகம் தூக்கத்தைக் கெடுத்தது.

வருஷா வருஷம் இத்தனை பேர் பாடி ஆடிப் பழகினால், இருக்கைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேலை உள்ளும் புறமும் தெரிந்திருக்கும்! அந்தக் காதுகளிடம் தப்பிக்க முடியாது. கி.மு. 408இல் யூரிபிடிஸின் ‘ஒரஸ்டீஸ்’ நாடகத்தில் ஹெகலோக்கோஸ் என்ற நடிகர், ‘புயலுக்குப் பின் மீண்டும் அமைதியைக் காண்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடம். ஓர் அசையில் குரலின் ஏற்ற இறக்கம் பிசகி, ‘மீண்டும் மரநாயைக் காண்கிறேன்’ என்று ஆகிவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் ‘கிளி வந்தது’ என்பது ‘கிலி வந்தது’ ஆனதைக் கேட்டவர்களுக்கு அவர் நிலைமை புரியும். மூன்று வருஷம் கழித்து அரிஸ்டோஃபனிஸ் ‘தவளைகள்’ நாடகத்தில் அதைக் குத்திக்காட்டினார். பாவம், அந்த நடிகரைப் பற்றி இன்றைக்கும் பேசப்படுவது அந்த ஒரு அசைதான்.

விழா முடிந்ததும் அதே அரங்கில் மக்கள் அவை கூடி, விழாவில் நடந்த முறைகேடுகளை விசாரித்ததையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். கி.மு. 348இல் அங்கே வந்த ஒரு புகார் பிரசித்தம். பேச்சாளர் டெமாஸ்தனிஸின் குலப்பிரிவுக்கு உபயதாரர் கிடைக்கவில்லை. அவர் தாமாகவே முன்வந்தார். அவருக்கு ஆகாதவரான மெய்டியாஸ், பாடற்குழுவுக்காகச் செய்துகொண்டிருந்த பொற்கிரீடங்களைக் கெடுக்கப் பொற்கொல்லர் வீட்டுக்குள் இரவில் புகுந்தார், கடைசியில் விழா நாளன்று அரங்கிலேயே டெமாஸ்தனிஸின் முகத்தில் குத்தினார் என்பது குற்றச்சாட்டு. அவை மெய்டியாஸுக்கு எதிராக வாக்களித்தது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். 34ஆம் பக்கத்தில் ‘ஏதென்ஸின் டயோனிசஸ் அரங்கம்’ என்று போட்டிருக்கும் படம் வேறோர் ஊரான எபிடாரஸின் அரங்கத்தினுடையது. எபிடாரஸில் பாடற்குழு ஆடும் நடுத்தளம் முழு வட்டம். பின்னால் மரங்கள் தெரியும். ஏதென்ஸ் அரங்கத்தில் நடுத்தளம் அரைவட்டமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பளிங்குப் பலகை பாவியது ரோமானியர் காலத்தில். முன்வரிசை நடுவில் டயோனிசஸ் பூசாரியின் கல் நாற்காலி, சிங்கக் கால்களோடு, இன்றும் இருக்கிறது. நான் எடுத்த படங்கள் நான்கைந்து கைவசம் உள்ளன. இரண்டாம் பகுதிக்கு வேண்டுமானால் தெரிவியுங்கள், அனுப்பிவைக்கிறேன். லிசிக்ரட்டீஸ் மண்டபத்தின் படமும் அதில் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காரைக்குடி.