அடுப்பில் பால் இருக்கவில்லை

வெள்ளவத்தை
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகளுக்கு,

போன கிழமை வீடியோவில் சின்னவன் கேட்டான், "அம்மம்மா, அம்மப்பா இப்ப எங்கே இருக்கிறார்?" என்று. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. நீ கதையை மாற்றினாய். அன்றிரவு நீ அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "அம்மா, நீங்கள் சாமி கும்பிடுகிறதில்லை என்று எனக்குத் தெரியும். எதை நம்புகிறீர்கள் என்று தெரியாது. ஒருநாளும் சொன்னதில்லை. எழுதித் தாங்கோ. அவனுக்குச் சொல்ல என்னிடம் சொல் இல்லை."

நீ கேட்டது சரி. இதை எழுத எனக்கு நாலு நாள் எடுத்தது. முப்பத்தெட்டு வருசம் ஆஸ்பத்திரி வாட்டில் நேர்ஸாக வேலை செய்தவளுக்கு ரிப்போர்ட் எழுதத் தெரியும்: எத்தனை மணிக்கு என்ன நடந்தது, என்ன மருந்து கொடுத்தது. மனதில் இருப்பதை எழுதிப் பழக்கமில்லை. முன்பின்னாக இருந்தாலும் பொறுமையாகப் படி.

2024 கடைசியில் குடிசனத் தொகைமதிப்புக்கு ஒரு பிள்ளை வந்தாள். வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். "சமயம்?" என்றாள். அப்பா "இந்து" என்றார். "அம்மாவுக்கும் அதுதானே?" என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். விரும்பிய நம்பிக்கையை வைத்திருக்க நம்முடைய அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை உரிமை தந்திருக்கிறது. அப்பாவும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், அவருக்குத் தெரியாததா? ஆனால் "இல்லை" என்று நான் சொல்லியிருந்தால் "அப்ப என்ன?" என்று அவள் கேட்டிருப்பாள். அதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை.

நாத்திகம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. "இல்லை" என்கிற வடசொல்லிலிருந்து வந்தது அது. இல்லாத ஒன்றை வைத்து ஒருத்தியைக் கூப்பிடுவது, பிள்ளை பெறாதவள் என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைப்பது மாதிரி. பகுத்தறிவு நல்ல சொல்தான். ஆனால் அது மூளையைச் சொல்கிறது, கையைச் சொல்லவில்லை. மதச்சார்பின்மை அரசாங்கத்துக்கு உரிய சொல், வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை. 1952ல் ஆம்ஸ்டர்டாமில், கடவுளை வைக்காமல் மனிதரை வைத்து யோசிக்கிற மனிதநேயர்கள் எழுதிய பிரகடனத்தை, 2022ல் உன்னுடைய கிளாஸ்கோவில் கூடிப் புதிதாக எழுதினார்கள் என்று அதை எனக்கு அனுப்பியிருந்தாய். படித்தேன். மறுக்கத்தக்கதாக ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அது எனக்குத் தெரியாத ஒருவர் எனக்காகக் கையெழுத்துப் போட்டது போல இருந்தது. நான் எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்பது அதில் இல்லை.

எனக்கு இது படித்து வந்ததல்ல. என்னுடைய அம்மம்மாவில் தொடங்கியது.

அம்மம்மாவின் புருசன் பொல்காவலையில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். 1934, 35ல் அந்தப் பக்கமெல்லாம் மலேரியா வந்தது. நாடு முழுக்க எண்பதாயிரம் பேரளவில் செத்தார்கள். அம்மம்மாவின் மூத்த பிள்ளைகள் இரண்டும் அதில் போயின, ஒரே மாதத்துக்குள். கதிர்காமத்துக்கு வைத்த ஒரு நேர்த்தியைத் தான் செய்யாமல் விட்டதால்தான் பிள்ளைகள் போனார்கள் என்று அம்மம்மா சாகும்வரை சொன்னார். நாற்பது வருசம் அந்தப் பழியைத் தனியே சுமந்தார். நான் சின்னப்பிள்ளையாக மடியில் படுத்திருக்கும்போதும் அதைத்தான் சொல்வார்.

நேர்ஸிங் படிக்கப் போன பிறகுதான் நடந்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அந்த வருசம் மழை பிழைத்துவிட்டது. எப்போதும் ஓடுகிற ஆறுகள் வற்றி, இடைக்கிடை குட்டைகளாகத் தேங்கி நின்றன. மலேரியாவைப் பரப்புகிற நுளம்பு அந்தத் தெளிந்த குட்டைகளில்தான் முட்டையிடும். வழக்கமாக மலேரியா குறைவாக இருந்த ஈரப் பிரதேசம் அது. அங்கே சனத்துக்கு அந்தக் காய்ச்சலைத் தாங்கும் சக்தி இருக்கவில்லை. அவ்வளவுதான். நேர்த்திக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல அம்மம்மா உயிரோடு இல்லை.

மகள், என்னுடைய முதல் நம்பிக்கை இதுதான். நடப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். தெரியாத இடத்தில் தெரியாது என்று நிற்கலாம். ஆனால் காரணம் தெரியாததால் ஒரு தாயின் தலையில் பழியைப் போடக்கூடாது. வாட்டில் எத்தனை தாய்மார் என் கையைப் பிடித்து "மிஸ், நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் கையில் பிக்குகள் ஓதிக் கட்டிய பிரித் நூல் இருக்கும், நெற்றியில் திருநீறு இருக்கும், தலையணைக்குக் கீழே அந்தோனியார் படம் இருக்கும். நான் ஒன்றையும் ஒருநாளும் கழற்றச் சொன்னதில்லை, ஊசி ஏற்றும் இடத்தில் இருந்தால் மட்டும் மற்றக் கைக்கு மாற்றிக் கட்டுவேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சும்மா இருந்ததில்லை. "நீங்கள் ஒன்றும் செய்யவில்லை அம்மா" என்று சொல்லி, வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து, நோய் எப்படி வந்தது என்று விளங்கும்வரை சொல்வேன். இதற்காக வாட்டுப் பொறுப்பாளரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன், அது டொக்டரின் வேலை என்று.

அந்த மலேரியாவின் மிச்சக் கதையையும் கேள். 1963ல் நாடு முழுக்க வெறும் 17 பேருக்குத்தான் அது இருந்தது. ஒழித்துவிட்டோம் என்று நினைத்து மருந்து அடிப்பதையும் இரத்தம் பார்ப்பதையும் தளர்த்தினார்கள். 1969ல் ஐந்து லட்சத்துக்கு மேல். பிறகு திரும்பவும் தொடங்கி, யுத்தத்துக்குள்ளும் விடாமல், ஊர் ஊராகப் போய் விரலில் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசிப் பார்த்தார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அன்று நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருசம். செய்தியைக் கேட்டுவிட்டு அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். பூ வைக்கவில்லை, விளக்கேற்றவில்லை, சும்மா நின்றேன். கும்பிடுகிறவர்கள் கோயிலில் என்ன உணர்கிறார்களோ, அது அன்று எனக்கு இருந்தது என்று நினைக்கிறேன். பெயர் தெரியாத ஆயிரம் பேர் கண்ணாடித் துண்டுகளோடு நடந்த நடை அது. தளர்த்திய இடத்தில் திரும்பி வந்தது, விடாமல் பார்த்த இடத்தில் போனது. மேலே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது எனக்குப் பயமாக இல்லை, வேலையாகத்தான் இருக்கிறது.

83 யூலையில் கொழும்பில் தமிழருக்கு நடந்த அடி உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. என்னைத் தன் வீட்டு அறையில் ஆறு நாள் வைத்திருந்த நேர்ஸையும் உனக்குத் தெரியும். நீ சொல்லுவாயே, சிங்களப் பெரியம்மா என்று. தெருவில் ஆட்கள் நின்றபோது அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. பத்து வருசம் கழித்து ஒருநாள் இரவு வேலையில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன், "ஏன் அப்படிச் செய்தாய்? பயப்படவில்லையா?" புண்ணியம், கர்மம் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன், அவள் முழுநிலாப் போயா தவறாமல் விகாரைக்குப் போய்ச் சில் நோன்பு எடுக்கிறவள். கோப்பையைக் கழுவிக்கொண்டே "வேறென்ன செய்கிறது?" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பதில் இருக்கவில்லை.

நல்லது செய்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. சொர்க்கமும் மறுபிறப்பும் அந்த நிமிசத்தில் அவளுக்கு ஞாபகம் வரவே இல்லை. முன்னால் ஒருத்தி நின்றாள், அவ்வளவுதான். அதேநேரம் தெருவில் நின்றவர்களும் அதே விகாரைக்குப் போனவர்கள்தான். நம்முடைய பக்கத்திலும் திருநீறு பூசிக்கொண்டு செய்யக்கூடாததைச் செய்தவர்கள் இருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததையும் பார்த்தோம். ஆக, ஒருவர் எங்கே கும்பிடுகிறார் என்பதை வைத்து எனக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இனி அப்பாவைப் பற்றி.

நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் பாமன்கடையில் ஆபிரகாம் கோவூர் குடியிருந்தார். கேரளத்திலிருந்து வந்த தாவரவியல் வாத்தியார். மோசடிக்கு இடமில்லாதபடி ஒரு அற்புதத்தைச் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபா என்று 1963ல் அறிவித்தவர். 1978ல் அவர் சாகும்வரை ஒருவரும் அதை வெல்லவில்லை. என்னுடைய ஐயா அவருடைய கூட்டத்துக்கு ஒருமுறை என்னைக் கூட்டிப்போனார். பேச்சு எனக்கு ஞாபகமில்லை. அவர் செத்த பிறகு கேள்விப்பட்டதுதான் மறக்கவில்லை: கண்களைக் கண்வங்கிக்கும், உடம்பை மருத்துவ மாணவர்களுக்கும், எலும்புக்கூட்டைத் தான் படிப்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கும் எழுதி வைத்திருந்தார். எதை நம்பவில்லை என்று நாடெல்லாம் பேசியவர், எதை நம்பினார் என்பதை அந்த உயிலில்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

அதனால்தான் கலியாணம் முடித்த புதிதில் நான் கண்தான அட்டை எடுத்துவந்தேன். ஹட்சன் சில்வா டொக்டர் 1961ல் தொடங்கிய சங்கத்தின் அட்டை. தேமாப்போத்தலில் ஐஸுக்குள் வைத்து 1964ல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பத் தொடங்கியவர்கள், இன்றைக்கு எத்தனை நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். சைவம் தவறாதவர், உடம்பு முழுசாக நெருப்பில் போகவேண்டும் என்பார் என்று. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணப்பர் செய்ததுதானே" என்றார். பேனை கேட்டார். சிங்கள ஆட்கள் சிவி அரசன் கண் கொடுத்த கதையை நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள், அப்பா காளத்தியை நினைத்துப் போட்டார், நான் கோவூரையும் வாட்டையும் நினைத்துப் போட்டேன். எல்லாம் ஒரே அட்டை. நாற்பது வருசம் நாங்கள் சண்டை பிடிக்காமல் இருந்ததற்கு அந்தப் பின்னேரம் ஒரு காரணம். வெள்ளிக்கிழமையில் அவருடைய அர்ச்சனைத் தட்டைக் கோயில்வரை நான்தான் கொண்டுபோவேன். அவர் உள்ளே போவார், நான் வெளியே வாங்கில் இருப்பேன்.

போன வருசம் அவர் போன அன்று நீ விமானத்தில் இருந்தாய். போன் செய்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சங்கத்திலிருந்து ஒரு பொடியன் சின்னப் பெட்டியோடு வந்தான். அரை மணித்தியாலத்தில் முடித்தான். முகம் மாறவில்லை, நீ வந்து பார்த்தபோது உனக்கே தெரியவில்லை. அவன் எடுத்தது விழிவெண்படலத்துக்காக, கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற பகுதி. அதில் இரத்தக் குழாய் இல்லை. அதனால் மற்ற உறுப்புகளைப் போல இரத்த வகை பொருந்தவேண்டும் என்று பார்க்கத் தேவையில்லை, யாருக்கும் வைக்கலாம். இரண்டு கண், இரண்டு பேர். பெயர் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் எதிரே இருக்கிறவரின் கண்ணைப் பார்ப்பது மட்டும் இப்போது பழக்கமாகிவிட்டது.

எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று செத்தவருக்குச் செய்கிற சடங்கெல்லாம் செய்தேன். முகத்துவாரத்தில் ஐயர் சொன்னபடி நின்றேன். அது நடிப்பில்லை. அவர் நம்பியதை அவருக்குச் செய்து கொடுத்தேன், கடைசிச் சாப்பாட்டைக் குழைத்துக் கொடுத்தது போல.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. அவர் தீவிர சிகிச்சையில் இருந்த இரவு, இரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று நான் கையைக் கூப்பினேன். யாரிடம் என்று தெரியாது. "எடுக்காதே" என்றேன். அது நம்பிக்கையல்ல, பயம். இருந்தாலும் அதற்காக நான் வெட்கப்படவில்லை. என்னுடைய நம்பிக்கை இரவில் ஏழைதான். அப்பா இருந்தால் "சிவனடி" என்று சொல்லித் தூங்கியிருப்பார், எனக்கு அப்படி ஒரு தலையணை இல்லை. காலையில் அவர் போடுகிற தேவாரத்தை வானொலியில் இன்றும் போடுகிறேன். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு குரல் வேண்டியிருக்கிறது.

சின்னவனுக்கு நீ சொல். அடுத்த கிழமை நானும் சொல்கிறேன். அம்மப்பா செத்துப் போய்விட்டார். அவருக்கு இனி நோகாது, குளிராது, பசிக்காது. அவர் எங்களைத் தேடமாட்டார், நாங்கள்தான் அவரைத் தேடுவோம், அது கனகாலம் இருக்கும். அவருடைய கண்ணின் கண்ணாடி மாதிரிப் பகுதி இரண்டு பேரிடம் இருக்கிறது, அவர்கள் அதனால் பார்க்கிறார்கள். தான் சிவனிடம் போவேன் என்று அம்மப்பா நம்பினார் என்பதையும் சொல். அம்மம்மா அப்படி நினைக்கவில்லை என்பதையும் சொல். இரண்டையும் கேட்டுவிட்டு அவன் யோசிக்கட்டும். அவனுக்கு ஐந்து வயது, நேரம் இருக்கிறது.

என்னுடைய அட்டை அலுமாரியில் இரண்டாம் தட்டில், அப்பாவின் வேட்டிகளுக்குக் கீழே இருக்கிறது. சங்கத்தின் நம்பர் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, கீழ்வீட்டு மாமிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு என்ன சடங்கு செய்வது என்பது உன் விருப்பம், ஒன்றும் செய்யாவிட்டாலும் நான் மனம் நோகமாட்டேன். உடம்பு உனக்காகக் காத்திருக்கும், பொறளைக் கனத்தைச் சுடலைக்கு அவசரமில்லை. ஆனால் கண் சில மணித்தியாலம்தான் தாங்கும். கிளாஸ்கோவிலிருந்து வர உனக்கு ஒரு நாள் எடுக்கும். மாமி போன் செய்தால், "நான் வரும்வரை பொறுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதே, பிள்ளை.

அம்மா