பேத்தியின் படிப்புக் கணக்கு

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். பேத்தியின் மேற்படிப்புக்காக நீ அனுப்பிய கணக்கை நிதானமாகப் பார்த்தேன். இன்று 60,000 ரிங்கிட் ஆகும் படிப்பு ஆண்டுக்கு 5 விழுக்காடு உயரும் என்று கொண்டு, வருடத்துக்கு 3,000 ரிங்கிட் வீதம் 18 ஆண்டுகளுக்குக் கூட்டி, 114,000 ரிங்கிட் போதும் என்று முடித்திருக்கிறாய். இரண்டாம் ஆண்டின் 5 விழுக்காடு, முதல் ஆண்டிலேயே உயர்ந்துவிட்ட 63,000 ரிங்கிட்டின் மீதல்லவா ஏறும்? கூட்டுவட்டியைப் போலவே 1.05 என்ற எண்ணால் 18 முறை பெருக்கினால், ஏறத்தாழ 144,400 ரிங்கிட் வருகிறது. முப்பதாயிரத்துக்கு மேல் துண்டு விழுகிறது. 72ஐ உயர்வு விகிதத்தால் வகுத்தால் விலை இரட்டிப்பாகும் காலம் தோராயமாகத் தெரியும். 5 விழுக்காட்டுக்கு அது 14 ஆண்டுகளைச் சற்றே தாண்டும் என்பதால், 18 ஆண்டுகளில் 120,000ஐக்கூட எட்டாத உன் தொகை சரியாக இருக்க முடியாது.

பெருக்கலைத் திருத்துவது எளிது. அந்த 5 எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. அதை 4 ஆக்கினால் சுமார் 121,500 ரிங்கிட், 6 ஆக்கினால் சுமார் 171,300; இரண்டே விழுக்காட்டு வேறுபாடு ஏறக்குறைய 50,000 ரிங்கிட்டாகிவிடுகிறது. 2008 ஜூனில் பெட்ரோல் லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70 ரிங்கிட்டாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டதும், ஜூலையில் பணவீக்கம் 8.5 விழுக்காட்டைத் தொட்டது. அதை வைத்துக் கணக்கிட்டால் இரண்டரை லட்சத்தையும் தாண்டும். 2020இல் விலைவாசி இறங்கியதை நம்பினாலோ, சேமிக்கவே தேவையில்லை என்று தோன்றும். எனவே ஓர் ஆண்டின் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளாதே. அந்தப் படிப்பை நடத்தும் கல்லூரியின் பழைய கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கி, இன்றைய கட்டணத்தைப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கட்டணத்தால் வகுத்து, வரும் எண்ணின் பத்தாம் மூலத்தை (பத்து தடவை எழுதிப் பெருக்கினால் அந்த எண்ணையே தரும் எண்ணை) கைப்பேசியிலேயே கண்டுபிடித்து, அதிலிருந்து 1ஐக் கழித்தால், ஆண்டுச் சராசரி உயர்வு கிடைத்துவிடும். (அரசு விலை நிர்ணயிக்கும் பொருள்களுக்கு இந்த முறை ஒத்துவராது, ரோன்95 வகைப் பெட்ரோல் 2021 முதல் பல ஆண்டுகள் லிட்டருக்கு 2.05 ரிங்கிட்டிலேயே நின்றது உனக்குத் தெரியும்.)

4, 5, 6 மூன்றுக்கும் தொகை எழுதிவைத்து, 6ஐக் குறியாகக் கொண்டு சேமி. ஆண்டுதோறும் புதிய கட்டணம் வெளியானதும் கணக்கைத் திருத்து. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் இவ்வளவு ஆகாதே என்கிறாள் அம்மா. உண்மைதான், ஆனால் அதை நம்பி இப்போதே மாதச் சேமிப்பைக் குறைத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா