எழும்பி நின்ற பிறகும் ஒருதடவை பிரஷர் பாருங்கள்

திருகோணமலை மாவட்டக் கிளினிக்குகளில் பணிபுரியும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம். வயதானவர்களுக்கு இருத்திவைத்துப் பிரஷர் பார்ப்பதோடு விடாமல், எழுப்பி நிறுத்தியும் ஒருதடவை பார்க்கவேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இருந்து பார்த்தால் எங்கள் அம்மாவுக்கு எல்லாம் சரி. கிளினிக் கொப்பியில் உள்ள எண்களில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விடியப் பூப்பறிக்கக் கட்டிலை விட்டு எழும்பினால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண் இருட்டும். எதுக்கு எழும்பினேன் என்று எங்களையே கேட்பார். கொஞ்சநேரத்தில் தெளிந்துவிடும். "வயது போனால் இப்படித்தான்" என்கிறார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

எழும்பும்போது இரத்தம் கால்பக்கம் இறங்கும். இளவயதில் நரம்புகள் உடனே இரத்தக்குழாய்களை இறுக்கிச் சமாளித்துவிடும்; முதுமையிலும் நீரிழிவிலும் அது தளர்கிறது. நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் கவனிக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், இப்படி இறங்கியவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. தொடங்கிவிட்ட மூளைநோயே நரம்பைக் கெடுத்திருக்கவும் கூடும். எப்படியானாலும், விழுந்து இடுப்பெலும்பு முறிவதையாவது தடுக்கலாமே.

வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற முதியவர்களை யோசித்துப் பாருங்கள். இரத்தம் சோதிக்க வெறும் வயிறு. வழியில் சலம் வந்துவிடும் என்று தண்ணீரும் குடிப்பதில்லை. அதற்குமேல் பிரஷர் குளிசை, சலம் போகத் தரும் குளிசை, ஆண்களென்றால் புரொஸ்டேட்டுக்கும் ஒன்று. நிற்கும்போது இவையும் பிரஷரை இறக்கலாம்.

உங்கள் நெரிசல் தெரியும். எல்லோருக்கும் வேண்டாம். தலைச்சுற்று, மறதி என்று சொல்பவர்கள், ஒருதடவையாவது விழுந்தவர்கள், புதுக்குளிசை தொடங்கியவர்கள், இவர்களுக்குப் போதும். ஐந்து நிமிடம் படுக்கவைக்கக் கட்டில் இல்லாவிட்டால் இருத்தியாவது பாருங்கள். அப்புறம் நிறுத்தி, ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பார்த்து, கொப்பியில் தனி வரியாக எழுதுங்கள். குளிசையை வீட்டில் தங்கள் பாட்டில் நிறுத்தக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். குறைப்பதா மாற்றுவதா என்பது உங்கள் தீர்மானம்.

துணைக்கு ஆளில்லாமல் வருகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்கள் கண் இருட்டி நிற்பதைப் பார்த்து உங்களிடம் வந்து சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு மகள்