போர்ட் லூயியில் நடந்து சாப்பிட: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முழங்கால் வலி தேறி நடமாடுகிறார்கள் என்று படித்ததில் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். நீயும் தங்கச்சியும் அம்மாவையும் மச்சானையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மொரீசியஸ் வருவதும், தலைநகர் போர்ட் லூயியில் நாங்கள் நடத்தும் ஃபுட் டூரில் சேர்வதும் சந்தோஷம். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன். மச்சானுக்கும் படித்துக் காட்டு.

முதலில் கிழமை. திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைப் பார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஊர் அடங்கிவிடும். ஞாயிறு சென்ட்ரல் மார்க்கெட் காலையோடு சரி. தைப்பூசம், சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, உகாதி, விநாயகர் சதுர்த்தி, ஈத், தீபாவளி எல்லாமே இங்கே அரசு விடுமுறை, அந்த நாட்களைத் தள்ளிவிட்டு டிக்கெட் போடு. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம் உண்டு. எச்சரிக்கை நான்கு நிலையாக வரும். மூன்றாவது நிலை அறிவித்துவிட்டால் கடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை, டூரும் இல்லை. அந்த மாதங்களில் வந்தால், டூருக்கு அடுத்த நாளையும் வேறு வேலை வைக்காமல் காலியாக விடு.

காலையில் தலைநகருக்குள் வரும் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். தீவின் நடுவில் தங்கினால் மெட்ரோ ரயிலைப் பிடி. இப்போது க்யூர்பீப்பிலிருந்தே ஓடுகிறது. விக்டோரியா நிலையத்தில் இறங்கினால் மார்க்கெட்டுக்கு நடந்துவிடலாம். வடக்கே க்ராண்ட் பே பக்கம் என்றால் பஸ் இமிக்ரேஷன் ஸ்கொயரில் கொண்டுவந்து விடும். அதன் பக்கத்தில்தான் ஆப்ரவாசி காட், ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் கரையேறிய இடம். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்து அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். அங்கே வந்திறங்கியவர்கள் வழி வந்த சாப்பாடுதானே நீங்கள் சுவைக்கப் போவதில் பாதி.

காலை ஆகாரம் சாப்பிடாமல் வாருங்கள். ஒரு காப்பி போதும். ஓட்டலில் இலவசம் என்று ரொட்டியை இட்லி போல அடுக்கித் தின்றுவிட்டு வருபவர்கள், இரண்டாவது கடையிலேயே கையைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

முதல் நிறுத்தம் காத்தோ பிமா. பார்த்ததும் பருப்பு வடை என்பீர்கள், செய்முறையும் அதுதான்: ஊறிய பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் சேர்த்து, கோலியை விடச் சற்றுப் பெரிதாக உருட்டிப் பொரிப்பது. இங்கே அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்தும் காலையில் சாப்பிடுவார்கள். ஆளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ரொட்டி வேண்டாம்.

அடுத்தது டால்பூரி, பருப்புப் பூரணம் வைத்துச் சுடும் மெல்லிய ரொட்டி, இந்த ஊரின் உயிர். பருப்பை மஞ்சள் போட்டு வேகவைக்கும்போது விரலால் நசுக்கினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. ஒரு கொதி கூடிவிட்டால் களியாகிவிடும். அந்த ஈரப் பூரணம், தேய்க்கும்போது மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பருப்பை வடித்து, வறுத்த சீரகத்தோடு உதிரியாகப் பொடிக்கிறார்கள். வடித்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே மைதாவைப் பிசைகிறார்கள். நிறமும் மணமும் அதனால் வருவது. போளி தட்டும் அம்மாவுக்கு இதைப் பார்த்த மாத்திரத்தில் புரியும். நல்ல பூரி, கைக்குப் பட்டுத்துணி போல மடியும். ஓரம் விறைத்திருந்தால் சுட்டு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

விற்பது ஜோடி கணக்கில். இரண்டு பூரிக்குள் பட்டர் பீன்ஸ் கறி, ருகாய் என்கிற தக்காளித் தொக்கு, காய்கறி அச்சார், அரைத்த மிளகாய் எல்லாம் வைத்துத் தாளில் சுற்றித் தருவார்கள். இரண்டு பேருக்கு ஒரு ஜோடி வாங்குங்கள். தாளை முழுக்கப் பிரிக்காமல், மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, சற்று முன்னால் குனிந்து சாப்பிட்டால் குழம்பு சட்டையில் ஒழுகாது. பொட்டலம் கட்டி ஓட்டலுக்கு எடுத்துப் போகாதே. கறி ஊறி, பூரி பிய்ந்துவிடும். கூட்டமான கடைகளில் மத்தியானத்துக்குள் தீர்ந்தும் போகும்.

காரம் பற்றி ஒன்று. நம் ஊரில் வத்தலும் மிளகாய்த்தூளும் குழம்போடு கொதித்து அடங்கியிருக்கும். இங்கே பச்சையாக அரைத்த குட்டி மிளகாயைக் கரண்டியால் எடுத்து மேலே தடவுகிறார்கள். எவ்வளவு காரம் பழகிய நாக்கும் முதல் கடியில் திணறும். “சான் பிமா” என்றால் மிளகாய் வேண்டாம், “திகித் பிமா” என்றால் கொஞ்சம். கடைக்காரர் பூரியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், தடவிய பிறகு பிரிக்க முடியாது. பழ வண்டியிலும் அப்படியே. அன்னாசியும் மாங்காயும் புளியும் மிளகாய் உப்பும் போட்டுத்தான் வரும், பிள்ளைகளுக்குத் தனியாகக் கேள்.

இனி அம்மா விஷயம். இதைத்தான் நீ மிகவும் கவனிக்க வேண்டும். முன்பதிவுத் தாளில் “சைவம்” என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிடாதே. மாமிசம் வேண்டாம் என்றால் மீன் சாப்பிடுவார்கள் என்று எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. மீன், முட்டை, இறால் எதெல்லாம் ஆகாது, மாமிசச் சமோசா பொரித்த எண்ணெயிலேயே பொரித்தது பரவாயில்லையா, வெங்காயம் பூண்டு உண்டா என்று ஒவ்வொன்றாக எழுது. சைனா டவுனில்தான் பெரிய சிக்கல். சௌசௌவில் செய்த நியூக் யென் என்கிற புலெட், அதாவது வேகவைத்த உருண்டை, வெறும் காயில் செய்தது போல வெள்ளையாக இருக்கும், ஆனால் காய்ந்த இறாலோ கோழியோ சேர்ப்பது வழக்கம். அது மிதக்கும் ரசமும் பெரும்பாலும் எலும்பிலோ மீனிலோ எடுத்தது. காய்கறி நூடுல்ஸ் என்று கேட்டாலும் சிப்பிச் சாஸ் விழுந்துவிடும், வாணலியும் ஒன்றேதான். முன்கூட்டித் தெரிந்தால் அம்மாவுக்கு மார்க்கெட் பக்கமே கத்தரிக்காய் பஜ்ஜி, சர்க்கரைவள்ளியில் தேங்காய் வைத்துச் செய்த காத்தோ பத்தாத், புட்டு என்று ஏற்பாடு செய்துவிடுவோம். ஆமாம், நம் புட்டுதான். அரிசி மாவும் தேங்காயுமாக, சின்ன வட்டமாக, “புத்து” என்று விற்கிறார்கள்.

அலூடாவைக் கடைசிக்கு வை. பால், கடற்பாசித் துருவல், சப்ஜா விதை, சிரப், ஐஸ். முதலிலேயே குடித்தால் வயிறு நிறைந்துவிடும், கடைசியில் குடித்தால் மிளகாய்க் காந்தலையும் அடக்கும். சேர்ப்பது கடற்பாசி, ஜெலட்டின் அல்ல, அதனால் அம்மா தயங்க வேண்டியதில்லை. மச்சானுக்குச் சர்க்கரை நோய் அல்லவா? சிரப்பைப் பெரும்பாலும் முன்பே கலந்து வைத்திருப்பார்கள், சர்க்கரையில்லாமல் கேட்க வழியில்லை. இரண்டு வாய் போதும் என்று இப்போதே சொல்லி வை. மாத்திரை நேரத்தையும் வழிகாட்டியிடம் சொல்லட்டும், டூர் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

தூரம் அதிகமில்லை, உட்காரத்தான் இடம் குறைவு. அம்மாவுக்கு முடியாவிட்டால் பாதியில் கம்பெனி கார்டன் ஆலமர நிழலில் உட்கார வைத்துவிடலாம், பெஞ்சு உண்டு. நடைபாதை மேடும் பள்ளமும், பக்கத்தில் ஆழமான சாக்கடை, மீன் கூடத்தில் ஈரத் தரை. ரப்பர் செருப்பு வேண்டாம், வழுக்காத காலணி போட்டு வரச் சொல். மலைகள் காற்றைத் தடுப்பதால் இந்த ஊரில் புழுக்கம் அதிகம். தண்ணீரும் தொப்பியும் அவசியம்.

பணம்: சாப்பாட்டுச் செலவு கட்டணத்தில் அடங்கும். மேற்கொண்டு வாங்க 25, 50, 100 ரூபாய் நோட்டு வைத்துக்கொள். தெருக்கடையில் 2000 ரூபாயை நீட்டினால் சில்லறை கிடைக்காது. இந்திய ரூபாய் செல்லாது. 2016 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, ஒரு துணிப்பை மடித்து எடுத்து வா.

தைப்பூசத்தை ஒட்டி வருவதானால் ஒரு வரி எழுது. காவடி முடிந்ததும் கோயிலில் வாழையிலையில் போடும் ஏழு கறிச் சாப்பாடு எந்த டூரிலும் கிடைக்காது, அம்மாவை அங்கே அழைத்துப் போகலாம். அன்று நகரக் கடைகள் மூடியிருக்கும், டூரை வேறு நாளுக்குப் போட்டுக்கொள்வோம்.

தேதியையும், அம்மாவுக்கு ஆகாதவற்றின் பட்டியலையும், பிள்ளைகளுக்கு வேர்க்கடலையோ பாலோ ஒவ்வாமை உண்டா என்பதையும் ஒரு வாரம் முன்னால் எனக்கு எழுதி அனுப்பு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு, அம்மாவுக்கு நமஸ்காரம்.

அன்புடன்,
உன் நண்பன்
போர்ட் லூயி