காஞ்சிபுரம் காந்திமதி அம்மாளுக்கு ஒரு கடிதம்

வணக்கத்துக்குரிய அம்மா,

உங்கள் மகள், கர்நாடக இசைப் பாடகி டி. கே. பட்டம்மாளைப் பற்றி எழுத நினைக்கும்போதெல்லாம் உங்களுக்கே எழுதத் தோன்றுகிறது. உங்களுக்கும் நன்றாகப் பாட வரும் என்று படித்திருக்கிறேன். ஆனால் உற்றார் உறவினர் முன்னால்கூட வாய் திறந்து பாடக் கூடாது என்பது உங்கள் வீட்டு ஆசாரம். எங்களுக்கு உங்கள் பாட்டில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

அதே வீட்டில் 1919-இல் பிறந்த பெண், 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி செய்தார். மேடையேறிய முதல் பிராமணப் பெண் என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள். அதைப் பெரிதாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. தேவதாசி மரபில் வந்த இசைக் கலைஞர்கள் வீணை தனம்மாளும் பெங்களூர் நாகரத்தினம்மாளும் அதற்கு எவ்வளவோ முன்பே, ஊர்ப் பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு, பெண்களுக்குச் சபையில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

என்னை வியக்க வைப்பது அவர் கற்ற விதம். குருவின் வீட்டிலேயே தங்கிக் கற்கும் குருகுலவாசம் உங்கள் மகளுக்கு வாய்க்கவில்லை. அப்பாவோடு கச்சேரிகளுக்குப் போய்க் கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து சுரப்படுத்தி எழுதுவார். சகோதரர்கள் கூட இருந்து உதவுவார்கள். முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய கீர்த்தனைகளை அம்பி தீட்சிதரிடமும் டி. எல். வெங்கடராம ஐயரிடமும் பாடம் செய்தார். குருவிடம் பாடம் கேட்டபடியே பிசகாமல் பாடும் அந்தப் பாடாந்தரச் சுத்தத்துக்காகவே அவருடைய பழைய பதிவுகளைத் தேடிக் கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காஞ்சிபுரத்திலேயே பாடகர் நாயினாப் பிள்ளை இருந்தார். லயத்தில், அதாவது தாளக் கணக்கில், புலி. அவர் பாடக் கேட்டு வளர்ந்த காது என்பதால்தானோ என்னவோ, ஆண்களுக்கே உரியது என்று ஒதுக்கி வைத்திருந்த ராகம் தானம் பல்லவியை உங்கள் மகள் கையில் எடுத்தார். ஒரே ஒரு வரி, கையில் தாளம். அந்த வரியை வேகம் கூட்டியும் குறைத்தும், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்கு மாற்றியும் பாடி, தாளத்தில் அந்த வரி தொடங்கும் இடமான எடுப்புப் பிசகாமல் வந்து சேர வேண்டும். கணக்குத் தவறினால் சபை நடுவே தெரிந்துவிடும். பெண்ணுக்குக் கீர்த்தனை போதும் என்று நினைத்தவர்கள் நடுவில் உட்கார்ந்து, சிக்கலான தாளங்களில் அதைச் செய்தார். ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயர் சும்மா வந்ததில்லை, அம்மா. மேடையேறியதைவிட இதுதான் பெரிய காரியம் என்பேன்.

பாரதி பாடல்களும் சினிமாப் பாட்டும் தனிக் கதை. 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தில் அவர் பாடிய ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ இன்றும் சுதந்திர தினத்தன்று எங்காவது ஒலிக்கிறது. 1970-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது, 1998-இல் பத்ம விபூஷண்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலக்காடு மணி ஐயர் பெண்களுக்கு மிருதங்கம் வாசிப்பதில்லை என்று இருந்தவர். அவர் முதலில் வாசிக்கச் சம்மதித்தது உங்கள் மகளுக்குத்தான். பிறகு மணி ஐயரின் பெண் லலிதா, பட்டம்மாளின் மகனான உங்கள் பேரன் சிவகுமாருக்கு மனைவியாக வந்தார். அவர்களுடைய மகள் நித்யஸ்ரீயும் மேடைப் பாடகிதான். பாட்டியோடு சேர்ந்தும் கச்சேரிகளில் பாடியிருக்கிறார். உங்கள் கொள்ளுப்பேத்தி பாட உட்கார்ந்தால், பெண் பாடலாமா என்று கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் பல்லவிகளைக் கேட்டு வளர்ந்த ஒரு ரசிகை