கடலுக்கு ஒரு காற்று, வாழைக்கு ஒரு காற்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

களக்காடு பக்கம் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். காலையில் டீக்கடையில் நாளிதழைப் பிரித்ததும் நாங்கள் தேடுவது வானிலைச் செய்தியைத்தான். அதில்தான் ஒரு குறை.

'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று' என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அது மன்னார் வளைகுடாவுக்கும் குமரிக்கடலுக்கும் உள்ள எச்சரிக்கை; உவரி, இடிந்தகரைக்காரர்கள் படகைக் கரையேற்ற வேண்டிய செய்தி. தலைப்பில் கடல் என்றே இருக்காது. "அண்ணாச்சி, புயலாமே, தாரை வெட்டிரலாமா?" என்று எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். முற்றாத தாருக்கு வியாபாரி என்ன விலை கேட்பார் என்பது தெரிந்ததுதானே.

எங்கள் வாழையைச் சாய்ப்பது வேறு காற்று. சித்திரை, வைகாசியில் மதியம் வரை புழுங்கித் தள்ளும். அப்புறம் மலைப்பக்கம் கருக்கும். மேகத்துக்குள் மழையால் குளிர்ந்து கனத்த காற்று பொத்தென்று கீழே இறங்கி, தரையில் மோதி நாலாபக்கமும் பாயும். பத்து நிமிஷம் நின்றாலே அதிகம். அதற்குள் தார் தள்ளிய வாழை இடுப்போடு முறிந்து கிடக்கும். எந்தத் திசையிலிருந்து வரும் என்றே சொல்ல முடியாது. ஆடி மேல்காற்று அப்படியல்ல, நாள்கணக்காக ஒரே பக்கமிருந்து அடிக்கும். பார்த்து முட்டுக்கம்பு கொடுத்துவிடலாம். ஆனால் இந்தக் கோடை இடிமழைக் காற்றுக்கான எச்சரிக்கையோ உள்பக்க மூலையில் ஒற்றை வரியாகக் கிடக்கிறது.

'இடையிடையே' என்று வரும் எண்ணையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதலில் சொல்வது சில நிமிஷச் சராசரி. இதுதான் சில நொடி வீச்சு. மரத்தை முறிப்பதும் இதுவே. வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் காற்று ஒரு நொடி 60க்குத் தாவினால், இரண்டு மடங்குக்கு மேலான அடி விழுகிறது.

எத்தனை மணி நிலவரம் என்பதையும் போட வேண்டும். 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் வானிலை மையம் புயல் என்கிறது. 2017 நவம்பர் 29ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் முற்பகலிலேயே ஒக்கி புயலாகிவிட்டது. முந்தைய நாள் மாலை எழுதிய செய்தியை வைத்துக்கொண்டு காலையில் யார் என்ன செய்வது?

கடலுக்குத் தனியாக, தரைக்குத் தனியாக இரண்டு கட்டம் போட்டால் போதும். பங்குனியிலேயே தொடங்கினால் நல்லது. சித்திரைக்கு முன்னால் கம்பு வாங்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
களக்காடு.